அலாஸ்கா கப்பல் பயணம்: எப்போது பதிவு செய்தால் விலை குறையும்?

கேள்வி: தஞ்சை மகள், டல்லாஸ்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த கோடையில் அலாஸ்காவுக்கு ஏழு இரவுக் கப்பல் பயணம் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் கணவரும், பன்னிரண்டும் எட்டும் வயதான எங்கள் பிள்ளைகள் இருவரும், ஏப்ரல் மாதம் ஊரிலிருந்து வரவிருக்கும் என் அப்பாவும் அம்மாவுமாக மொத்தம் ஆறு பேர். அப்பா முப்பத்தைந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பனியாறுகளைப் பற்றிக் கரும்பலகையில் படம் வரைந்து எத்தனையோ வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவர் ஒரு பனியாற்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் முதல் நோக்கம்.

கடந்த நான்கு வாரங்களாக ஒரே கப்பல், ஒரே தேதி, ஒரே வகை பால்கனி அறை ஆகியவற்றின் விலையைக் குறித்து வருகிறேன். அது இருமுறை ஏறி ஒருமுறை இறங்கியிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் மூவரைக் கேட்டேன். விற்பனை தொடங்கியவுடன் வாங்குவதே மலிவு என்றார் ஒருவர். ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும் ‘வேவ் சீசன்’ சலுகைக்குக் காத்திருக்கச் சொன்னார் இன்னொருவர். கப்பல் புறப்படுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது காலி அறைகளைத் தள்ளுபடியில் தருவார்கள், அதுவரை பொறுத்திருங்கள் என்றார் மூன்றாமவர். மூவருமே சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறார்கள் என்பதால்தான் குழப்பம் அதிகமாகிறது.

ஜூலை முதல் வாரத்தை மனத்தில் வைத்திருக்கிறோம், ஆனால் அதுவே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கள் பகுதிப் பள்ளிகள் மே கடைசி வாரத்தில் மூடி ஆகஸ்ட் நடுவில் திறக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, அதனால் லிஃப்டுக்கு அருகில் அறை கிடைத்தால் நல்லது. இப்போது செப்டம்பர். இப்போதே பதிவு செய்வதா, காத்திருப்பதா? காரணத்தோடு விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: நங்கூரம்

வணக்கம், சகோதரி. அமெரிக்காவில் கப்பல் பயணச் சீட்டு விற்கும் முகவராகப் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை, ஆகவே எதையும் விற்கும் நோக்கம் எனக்கு இல்லை. உங்களிடம் பேசிய மூவரும் சொன்னது பொய்யல்ல. ஆனால் மூவரும் வெவ்வேறு வகைப் பயணிகள், அதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

முதலில் விலை எப்படி நகர்கிறது என்பதைப் பார்ப்போம். பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு பயணத்தை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விற்பனைக்குத் திறந்துவிடுகின்றன. துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய கப்பலில் காலியாகக் கிடக்கும் அறையால் அவர்களுக்கு ஒரு காசு வருமானமும் இல்லை. அந்த அறையில் ஒருவர் இருந்தால் டிக்கெட் பணம் போக, கப்பலுக்குள்ளும் கரைச் சுற்றுலாக்களிலும் அவர் செலவழிப்பார். ஆகவே கப்பலை நிரப்புவதே குறி. நிரம்பும் வேகம் எதிர்பார்த்ததைவிடக் கூடினால் விலையை ஏற்றுவார்கள், குறைந்தால் இறக்குவார்கள். நீங்கள் குறித்து வைத்த ஏற்ற இறக்கத்துக்கு இதுவே காரணம்.

இதில் திருப்பம் ஏற்படும் ஒரு நாள் இருக்கிறது. முழுப் பணத்தையும் கட்டி முடிக்க வேண்டிய கடைசி நாள் அது. ஏழு இரவுப் பயணங்களுக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 90 நாள் முன்னதாக இருக்கும், சில நிறுவனங்களில் 120 நாள் முன்னதாகவே வந்துவிடும். அந்த நாள் வரை, திருப்பித் தரக்கூடிய முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர் ஒரு டாலர்கூட இழக்காமல் ரத்து செய்துகொள்ளலாம். அந்த நாள் கடந்த பிறகு ரத்து செய்தால் முதலில் ஒரு பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால், கடைசியில் முழுப் பணமும் போய்விடும். இரண்டு மூன்று கப்பல்களில் இடம் பிடித்து வைத்திருந்தவர்கள் அந்த நாளில்தான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுவார்கள். அப்போது திரும்பி வரும் அறைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துத்தான் நிறுவனம் கடைசிக் கட்ட விலையை முடிவு செய்யும். கடைசி நேரத் தள்ளுபடி என்று சொல்லப்படுவது இங்கிருந்துதான் பிறக்கிறது.

இதனால் நான் சொல்ல வருவது இதுதான்: எந்த நாளில் பதிவு செய்வது என்று மட்டும் பார்க்காமல், எந்த நாள் வரை அந்த விலையைத் திருத்திக்கொள்ள முடியும் என்று பாருங்கள். முழுப் பணம் கட்டும் நாளுக்கு முன் அதே அறையின் விலை இறங்கினால், புதிய விலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். அமெரிக்காவில் விற்கும் பெரிய நிறுவனங்கள் பலவும் அதை ஏற்றுக்கொள்கின்றன. விலை ஏறினாலோ, நீங்கள் பதிவு செய்த பழைய விலை அப்படியே நிற்கும். ஆகவே திருப்பித் தரக்கூடிய முன்பணத்தோடு முன்கூட்டியே பதிவு செய்பவருக்கு விலை ஏறினாலும் நட்டமில்லை, இறங்கினாலும் நட்டமில்லை. திருப்பித் தராத முன்பணம் என்று ஒரு வகையும் உண்டு. அதில் டிக்கெட் விலை சற்றுக் குறைவாகத் தெரியும், ஆனால் ரத்து செய்தால் முன்பணம் போய்விடும், கப்பலையோ தேதியையோ மாற்றினால் தலைக்கு 100 டாலர் அளவில் கட்டணம் பிடிப்பார்கள். பெற்றோரின் வருகை இன்னும் உறுதியாகாத நிலையில் அந்த வகையைத் தொடவே வேண்டாம்.

இனி உங்கள் குடும்பத்துக்கே உரிய ஒரு விஷயம். ஆறு பேர் என்பதால் இரண்டு அறைகள், அவற்றில் ஒன்று நால்வர் தங்கும் அறை என்று எண்ணியிருப்பீர்கள். ஒரு கப்பலில் நால்வர் அறைகள் குறைவு, கோடையில் எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தீர்ந்துபோவதும் அவைதான். அது மட்டுமல்ல. ஒவ்வொரு பகுதி அறைகளுக்கும் குறிப்பிட்ட உயிர்காப்புப் படகுகள் ஒதுக்கப்பட்டிருக்கும், படகுகளின் கொள்ளளவுக்கு மேல் ஆட்களை ஏற்ற முடியாது. அந்த எண்ணிக்கை நிறைந்துவிட்டால், அறை காலியாக இருந்தாலும் மூன்றாவது நான்காவது ஆளுக்கு இடமில்லை என்று கணினி மறுத்துவிடும். எத்தனையோ குடும்பங்களுக்குத் தொலைபேசியில் இதை நான் விளக்க நேர்ந்திருக்கிறது. கண்ணெதிரே காலி அறை தெரியும்போது ஏன் தரமாட்டேன் என்கிறீர்கள் என்று கோபப்படுவார்கள். இரண்டு பேருக்குக் கடைசி நேரத்தில் கிடைக்கும் விலை நான்கு பேருக்குக் கிடைக்காமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். மூன்றாவது, நான்காவது ஆளுக்கான கட்டணம் முதல் இருவருடையதைவிடப் பெரும்பாலும் குறைவு என்பதால், அந்த இடங்களை முன்னதாகப் பிடிப்பதுதான் உண்மையான சேமிப்பு. நால்வர் அறை கிடைக்காவிட்டால், தாத்தாவோடு ஒரு பிள்ளை, உங்களோடு ஒரு பிள்ளை என்று மூவர் அறைகளாக இரண்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு விதமாகவும் கணக்கிடச் சொல்லி, குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம்.

அலாஸ்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரீபியன் கடலில் தேவை கூடினால் இன்னொரு கப்பலை அங்கே அனுப்பிவிடலாம். அலாஸ்காவில் அது எளிதல்ல. பருவமே ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரைதான். பனியாறுகளுக்குப் பெயர்பெற்ற கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. அலாஸ்கா கப்பல்கள் நிற்கும் ஜூனோ நகரில் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அப்பா பனியாறு பார்க்க வேண்டும் என்கிறீர்கள். கிளேசியர் பே செல்லும் பயணங்களுக்கு ஜூலையில் விலை இறங்குவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஆனால் உங்களிடம் பெரிய சாதகம் ஒன்று இருக்கிறது, அதை நீங்களே கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். டெக்சாஸில் பள்ளிகள் மே கடைசியில் மூடிவிடுகின்றன. சியாட்டிலிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் ஜூன் நடு வரை, சில இடங்களில் அதற்கும் பிறகு வரை பள்ளி நடக்கும். அந்த இரண்டு மூன்று வாரங்களில் வடக்கேயுள்ள குடும்பங்கள் வர முடியாது, உங்களால் முடியும். ஜூன் முதல் வாரப் பயணத்தையும் ஜூலை முதல் வாரப் பயணத்தையும் ஒரே கப்பலில் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வேவ் சீசன் சலுகையும் தராத வித்தியாசம் அங்கே தெரியும். மே, ஜூன் மாதங்களில் அந்தக் கரையோரத்தில் மழையும் ஒப்பீட்டளவில் குறைவு. அங்குள்ள துறைமுக நகரான கெட்சிகனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது, தஞ்சையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அக்டோபரை ஒட்டித்தான் அது உச்சத்தில் கொட்டும். ஜூனில் ஜூனோவில் ஏறத்தாழ பதினெட்டு மணி நேரம் பகல் வெளிச்சம் இருக்கும்.

மறுமொழி: காவிரிக்கரையான், நியூ ஜெர்சி

நங்கூரம் ஐயா நால்வர் அறை பற்றிச் சொன்னதைப் படித்தவுடன் எங்களுக்கு நேர்ந்ததை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நாங்களும் நான்கு பேர், ஜூலைப் பயணம், சியாட்டிலிலிருந்து புறப்பாடு. ஜனவரியில் நால்வர் பால்கனி அறை ஒன்று எங்கள் கணக்குக்குள் அடங்கியது. நாங்கள் அணுகிய பயண நிறுவனத்தில், பொறுங்கள், மே மாதம் இன்னும் இறங்கும் என்று உறுதியாகச் சொன்னார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஞாயிறுதோறும் விலையை எழுதி வந்தேன். பிப்ரவரியில் சற்றே இறங்கியது, மார்ச்சில் பழைய இடத்துக்கு வந்தது. ஏப்ரல் மூன்றாம் ஞாயிறன்று எழுதுவதற்கு விலையே இல்லை. நால்வர் அறை என்ற வரியே தளத்திலிருந்து மறைந்துவிட்டது.

மே மாதம் விலை உண்மையிலேயே இறங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இறங்கியது இருவர் தங்கும், சன்னல் இல்லாத உள்ளறைகளுக்கு மட்டும். கடைசியில் வெவ்வேறு தளங்களில் இரண்டு உள்ளறைகள் எடுத்தோம். மனைவியும் மகளும் ஓர் அறையில், நானும் மகனும் மூன்று தளங்களுக்குக் கீழே இன்னோர் அறையில். நான்கு பேருக்கும் முழுக் கட்டணம். காலையில் திமிங்கிலம் தெரிகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, படிக்கட்டில் ஏறி மகளைத் தேடிக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடங்கள் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய இழப்பு விமானத்தில் ஏற்பட்டது. கப்பல் உறுதியாகாமல் விமானச் சீட்டு எடுக்க முடியவில்லை. மே மாதம் எடுக்கும்போது நியூவார்க்கிலிருந்து சியாட்டிலுக்கு நான்கு பேருக்கான கட்டணம், பிப்ரவரியில் பார்த்ததைவிடக் கிட்டத்தட்ட இருமடங்காகிவிட்டது. கப்பல் சீட்டில் மிச்சம் பிடிக்கக் காத்திருந்து, விமானத்திலும் முன்தினம் தங்கும் விடுதியிலும் அதற்கு மேல் கொடுத்தோம். டல்லாஸிலிருந்து நீங்களும் பறந்துதான் வர வேண்டும், அதுவும் ஆறு பேர். கப்பல், விமானம், விடுதி மூன்றையும் ஒரே கணக்கில் கூட்டிப் பார்க்காமல் எந்த விலையையும் மலிவு என்று முடிவு செய்யாதீர்கள், சகோதரி.

மறுமொழி: மழைநாட்டுக் கிழவர், டக்கோமா

கடைசி நேரத்தில் பதிவு செய்து உண்மையிலேயே பயனடைந்தவர்கள் நாங்கள் என்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். நானும் என் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். சியாட்டில் துறைமுகத்தின் 91ஆம் எண் படகுத்துறைக்கு எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இதுவரை மூன்று முறை அலாஸ்கா சென்றிருக்கிறோம், இரண்டு முறை மே மாதத்தில், ஒருமுறை செப்டம்பர் கடைசியில். மூன்றுமே புறப்பாட்டுக்கு ஐந்து வாரங்களுக்குள் வாங்கியவை. ஜூலை விலையோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவாகவே கொடுத்தோம்.

ஆனால் அதற்கு நாங்கள் விட்டுக்கொடுத்தவை இவை. அறை எண்ணை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ‘கியாரண்டி’ என்று ஒரு வகை உண்டு, அதில் அறையின் வகைக்கு மட்டும்தான் உத்தரவாதம், எந்த அறை என்பதை நிறுவனம் பின்னர் ஒதுக்கும். ஒருமுறை கப்பலின் முன்மூக்கில் அறை கிடைத்தது. ஸ்காக்வே துறைமுகத்தில் விடியற்காலை நங்கூரச் சங்கிலி இறங்கிய சத்தத்தில் இருவரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். செப்டம்பர் பயணத்தில் ஏழு நாளில் ஐந்து நாள் மழை. எங்களுக்கு அது பொருட்டல்ல, வீட்டிலும் மழைதான். முழங்கால் வலி உள்ள அம்மாவோடு, லிஃப்டுக்கு அருகில் அறை வேண்டும் என்று கேட்கும் நீங்கள் கியாரண்டி வகையை எடுக்கக் கூடாது. நீண்ட நடைகூடத்தின் கடைசியில் அறை ஒதுக்கிவிட்டால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அவர் அத்தனை தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு தகவல். சியாட்டிலிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் செல்லும், அங்கே அலை சற்று அதிகம். வான்கூவரிலிருந்து புறப்படுபவை தீவுகளுக்கு இடைப்பட்ட அமைதியான நீர்வழியில் செல்லும். பெரியவர்களுக்குத் தலைச்சுற்றல் வரும் பழக்கம் இருந்தால் இதையும் யோசியுங்கள். ஆனால் வான்கூவருக்கு விமானக் கட்டணம் பெரும்பாலும் கூடுதல். சியாட்டில் மலிவு என்பதன் ஒரு பகுதி அந்த வேறுபாடுதான்.

மறுமொழி: மெய்ப்பொருள், வான்கூவர்

விலையைப் பற்றிய கேள்வியில் விசாவைக் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1886இல் இயற்றப்பட்ட பயணிகள் கப்பல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அதன்படி வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை வேறு நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் ஊர் சுற்றிக் காட்டிவிட்டு மீண்டும் இறக்கிவிட முடியாது. பெரிய பயணிகள் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடியுடையவை. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கடைசி நாள் மாலையில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்கள் பெற்றோருக்கு அமெரிக்க விசா மட்டும் போதாது, கனடா விசாவும் வேண்டும். விக்டோரியாவில் கப்பலை விட்டு இறங்கப்போவதில்லை என்றாலும் வேண்டும். அது இல்லாவிட்டால் சியாட்டிலிலேயே கப்பலில் ஏற்ற மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்ப வராது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பாட்டி மட்டும் விடுதியில் தங்க, அவருக்குத் துணையாக மருமகள் தங்க, மற்றவர்கள் மட்டும் போய்வந்தார்கள். நீங்களும் கணவரும் கிரீன் கார்டு வைத்திருந்தால் உங்கள் இந்தியக் கடவுச்சீட்டும் அந்த அட்டையும் போதும். எச்-1பி விசாவில் இருந்தால் உங்களுக்கும் கனடா விசா தேவை.

இது விலையோடு தொடர்புடையது எப்படி என்றால், மலிவு என்று கடைசி மாதத்தில் வாங்குபவருக்கு விசா பெற நேரம் இருக்காது. முழுப் பணம் கட்டும் நாளுக்கு முன் பெற்றோரின் கனடா விசா கைக்கு வந்துவிட வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, இப்போதே ஊரிலிருந்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கைரேகைப் பதிவுக்கு அவர்கள் நேரில் போக வேண்டியிருக்கும்.

காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். பழைய நோய்களையும் உள்ளடக்கும் பயணக் காப்பீடு பலவற்றில், முதல் முன்பணம் கட்டிய 14 முதல் 21 நாட்களுக்குள் எடுத்தால்தான் அந்தச் சலுகை கிடைக்கும். இந்தியாவிலிருந்து வரும் பெற்றோருக்கான பாலிசிகள் வேறு வகை. பழைய நோய் திடீரெனத் தீவிரமானால் செலவை ஏற்குமா, கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தஞ்சை மகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கனடா விசா என்ற ஒன்று தேவை என்பதே எங்களுக்குத் தெரியாது. நானும் கணவரும் கிரீன் கார்டு வைத்திருக்கிறோம், பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள். ஆகவே அப்பா அம்மாவுக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டும். நேற்றிரவே அப்பாவோடு பேசிவிட்டேன். நங்கூரம் ஐயா சொன்னபடி ஜூன் 5 புறப்படும் பயணத்தையும் ஜூலை முதல் வாரப் பயணத்தையும் ஒப்பிட்டேன். அதே கப்பலில் ஆறு பேருக்கும் சேர்த்து ஜூன் பயணம் 1,900 டாலர் குறைவாக வருகிறது. மூவர் அறை இரண்டு என்று எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறைகிறது, தாத்தாவோடு தங்க என் மகன் இப்போதே தயாராகிவிட்டான்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் மட்டும். இப்போது பதிவு செய்துவிட்டு ஜனவரியில் வேவ் சீசன் வந்தால், அந்தச் சலுகை புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு மட்டும்தானே? விலை இறங்கினால் யாரிடம், எப்படிக் கேட்பது?

நங்கூரம்

நல்ல முடிவு, சகோதரி. ஜூன் 5 புறப்பாடு என்றால் 90 நாள் கணக்குப்படி முழுப் பணம் கட்டும் நாள் மார்ச் 7 அளவில் வரும், 120 நாள் நிறுவனமாக இருந்தால் பிப்ரவரி 5. பதிவுச் சீட்டில் அந்தத் தேதி அச்சாகியிருக்கும், அதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வேவ் சீசன் உங்களுக்கு அந்த நாளுக்கு முன்னதாகவே வருவது பெரிய வசதி. ஜூலைக்கோ ஆகஸ்டுக்கோ போகிறவர்களுக்கு முடிவு செய்ய இன்னும் நாள் இருக்கும், உங்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும்தான் கவனிக்க வேண்டிய மாதங்கள்.

சலுகை புதிய பதிவுக்கு மட்டும் என்றுதான் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். திருப்பித் தரக்கூடிய முன்பணம் என்பதால், தேவைப்பட்டால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகவே பதிவு செய்யலாம். ஆனால் அதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, புதிய விலைக்கு மாறும்போது பழைய பதிவோடு வந்த சலுகைகள் போய்விடும். கப்பலில் செலவழிக்க 200 டாலர் தந்திருந்தால் அதைக் கழித்துத்தான் இறக்கத்தைக் கணக்கிட வேண்டும். இரண்டு, ஜனவரிச் சலுகை பெரும்பாலும் டிக்கெட் விலையில் இருக்காது. மது, குளிர்பானத் தொகுப்பு, வைஃபை, டிப்ஸ் என்று சேர்த்துக் கொடுத்து விலையைச் சற்று உயர்த்தியிருப்பார்கள். மது அருந்தாத குடும்பத்துக்கு அந்தத் தொகுப்பால் என்ன பயன்? டிப்ஸ் சேர்ந்திருந்தால் மட்டும் அதற்கு உண்மையான மதிப்பு உண்டு. பெரிய நிறுவனங்களில் நாளொன்றுக்கு ஒருவருக்கு 16 முதல் 20 டாலர் வரை பிடிப்பார்கள், ஆறு பேருக்கு ஏழு இரவுக்கு 670 முதல் 840 டாலர் வரை வரும். பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்ற விளம்பரம் கோடை வாரங்களுக்குப் பல நேரங்களில் செல்லாது, தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஒப்பிடும்போது துறைமுக வரியோடு சேர்ந்த மொத்தத் தொகையைப் பாருங்கள். கட்டணங்களை மறைக்காமல் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற கலிஃபோர்னியாவின் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு அமெரிக்கத் தளங்கள் பலவற்றில் வரியையும் சேர்த்தே காட்டுகிறார்கள், ஆனால் டிப்ஸ் அதில் சேராது.

யாரிடம் கேட்பது என்றால், யார் மூலம் பதிவு செய்தீர்களோ அவரிடம்தான். முகவர் மூலம் பதிவு செய்தால் நிறுவனம் உங்களிடம் நேரடியாகப் பேசாது. முகவருக்குத் தரகு தருவது கப்பல் நிறுவனம், நீங்கள் பெரும்பாலும் கூடுதலாக எதுவும் கொடுப்பதில்லை. ஆகவே விலை இறங்கினால் நீங்களே மாற்றித் தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். தயங்குபவரிடம் கொடுக்காதீர்கள். காஸ்ட்கோ என்ற மொத்த விற்பனைக் கடையில் உறுப்பினராக இருந்தால் அங்கேயும் ஒரு விலை கேட்டுப் பாருங்கள், பயணம் முடிந்த பிறகு கடையில் செலவழிக்கும் அட்டையாக ஒரு தொகை தருவார்கள்.

கேட்கும் முறையும் எளிதுதான். வாரம் ஒருமுறை அதே கப்பல், அதே தேதி, அதே அறை வகைக்குப் புதிதாகப் பதிவு செய்பவரைப் போல, ஒவ்வோர் அறையிலும் மூன்று பேர் என்று போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை சென்று மொத்தத் தொகையைப் பாருங்கள். இரண்டு பேர் என்று போட்டுப் பார்த்தால் வேறு விலை காட்டும், அதை நம்பிக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். தொகை குறைந்திருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு அன்றைக்கே தொலைபேசியில் அழையுங்கள், மறுநாள் அந்த விலை இல்லாமல் போகலாம். பதிவு எண்ணைச் சொல்லி, என் அறை வகையின் இன்றைய விலை இவ்வளவு காட்டுகிறது, என் அறை எண்ணை மாற்றாமல் இந்த விலைக்குத் திருத்தித் தர முடியுமா என்று கேளுங்கள். ‘அறை எண்ணை மாற்றாமல்’ என்பதை மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அம்மாவுக்காக லிஃப்டுக்கு அருகில் பிடித்த அறை கைநழுவிவிடும். திருத்திய பதிவுச் சீட்டு மின்னஞ்சலில் வந்து, அதில் அறை எண்ணும் புதிய தொகையும் முழுப் பணம் கட்டும் தேதியும் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு தொலைபேசியை வையுங்கள்.